அவிழ்த்த கட்டு: தருமபுரியில் ஒரு போக்குவரத்து ஆவணச் சேகரிப்பைப் பட்டியலிட்ட நிகழ்வு ஆய்வு

தருமபுரியில் தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய போக்குவரத்து அருங்காட்சியகம் அது. பார்க்க வருகிறவர்களுக்கு முன்கூடத்தில் பழைய ஹாரன், டிக்கெட் பெட்டி, வழித்தடப் பலகை எல்லாம் இருக்கும். இந்த ஆய்வு பின்னறையைப் பற்றியது. அங்கே 11 சாக்கு மூட்டை, 4 தகர டிரங்குப் பெட்டி, ஒரு மர பீரோ நிறையக் காகிதம் கிடந்தது. தனியார் பஸ் முதலாளி குடும்பங்கள் கொடுத்த கணக்குகள், ஓய்வுபெற்ற கண்டக்டர்கள் சேர்த்துவைத்த டிக்கெட்டுகளும் வே-பில்களும் (எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை டிக்கெட் விற்றது என்று கண்டக்டர் தினமும் எழுதும் தாள்), ரயில் ஆர்வலர்கள் தந்த அட்டைகளும் வரைபடங்களும் அதில் இருந்தன. வேலை செய்தவர்கள் எட்டுப் பேர், ஞாயிற்றுக்கிழமை மட்டும். யாருக்கும் ஆவணக்காப்பகப் பயிற்சி கிடையாது.

இந்தப் பகுதியின் போக்குவரத்துக் காகிதம் ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. 1965 அக்டோபர் 2 வரை தருமபுரி சேலம் மாவட்டத்தில் இருந்தது. 2004 பிப்ரவரி 9-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. ஆகவே பென்னாகரம் பஸ்ஸின் 1960-ஆம் வருடத்துப் பர்மிட்டில் சேலம் மாவட்டம் என்று இருக்கும். ஓசூர் பஸ்ஸின் காகிதத்தில் காலத்தைப் பொறுத்து மூன்று மாவட்டப் பெயரில் எதுவும் இருக்கலாம். அரசு பஸ்ஸும் அப்படித்தான். 1973-இல் சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அண்ணா போக்குவரத்துக் கழகம், அதிலிருந்து பிரிந்து 1987-இல் தருமபுரியில் அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம், 1997-இல் தலைவர்கள் பெயரெல்லாம் எடுக்கப்பட்டு ஒரே பெயராகத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம். ரயிலில் மொரப்பூர்–தருமபுரி இரண்டரை அடிக் குறும்பாதை 1906-இல் வந்தது, 1913-இல் ஓசூர் வரை நீண்டது, இரண்டாம் உலகப் போரின் நடுவே 1941-இல் மூடப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய அலுவலகம் கொஞ்சம் காகிதத்தைக் கைவிட்டது. அதை யாரோ ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போனார்.

முதல் மாதம் செய்த தவறு

முதல் நான்கு ஞாயிறும் வேலை சுறுசுறுப்பாக நடந்தது. அதுதான் வினை. மூட்டைகளை அவிழ்த்து, காகிதத்தை வகைவாரியாகப் பிரித்தார்கள்: வே-பில் ஒரு குவியல், டீசல் சீட்டு ஒரு குவியல், டயர் ரீட்ரெடிங் ரசீது ஒன்று, வரி ரசீது ஒன்று. ஒவ்வொரு குவியலையும் ஆண்டுவாரியாக அடுக்கினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பழைய பஸ் முதலாளிகளின் கணக்குப்பிள்ளைகள் வண்டிக்கு ஒரு கட்டு போடுவார்கள். அந்த வண்டியின் பர்மிட் நகல், வரி, டீசல், டயர், ஒர்க்‌ஷாப் சீட்டு, தினசரி வசூல் நோட்டு எல்லாம் ஒரே சணலில் இருக்கும். வே-பில்லில் வண்டி எண் எழுதியிருக்கும், சரி. டீசல் சீட்டிலும் ஒர்க்‌ஷாப் துண்டுக் காகிதத்திலும் பெரும்பாலும் எண் இருக்காது. எழுத வேண்டிய அவசியமே இல்லை, கட்டே எண்ணைச் சொல்லிவிடும். கட்டை அவிழ்த்ததும் ‘கிளட்ச் பிளேட் மாற்றியது’ என்ற சீட்டு எந்த வண்டியுடையது என்று சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. ஒரு வண்டி எத்தனை வருடம் ஓடியது, எந்த ரோட்டில் டயர் சீக்கிரம் தேய்ந்தது, தொப்பூர் கணவாய் ஏறிய வண்டிக்கு எத்தனை தடவை பிரேக் வேலை பார்த்தார்கள் போன்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அந்தச் சணலில்தான் இருந்தது.

வந்த ஒழுங்கைக் கலைக்கக் கூடாது என்பது ஆவணக்காப்பகத் துறையின் முதல் பாடம். படித்தவர்களுக்கு அது சூத்திரம். இங்கே அது நஷ்டமான பிறகு தெரிந்தது.

கட்டைத் திரும்பக் கட்டியது

மீட்பு வேலைக்கு ஏழு மாதம் ஆனது. கைகொடுத்த தடயங்கள் இவை.

ஊசித் துளை முதலாவது. கணக்குப்பிள்ளை கட்டு முழுவதையும் குத்தூசியால் ஒரே குத்தில் துளைத்து டேக் கோத்திருப்பார். மெஷின் துளை என்றால் எல்லாம் ஒரே இடத்தில் விழும். கைக் குத்து கட்டுக்குக் கட்டு மாறும். துளை இடது ஓரத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர், மேல் ஓரத்திலிருந்து எத்தனை என்று இரண்டு எண்ணை ஒவ்வொரு தாளுக்கும் குறித்து வரிசைப்படுத்தியதும் கூட்டங்கள் தாமாகப் பிரிந்தன. தாள் அளவு வேறாக இருந்தால் ஓரக் கணக்கு பொய்க்கும். அப்போது, இரண்டு இடத்தில் குத்திய கட்டானால், துளைகளுக்கு நடுவே உள்ள தூரத்தைப் பார்க்க வேண்டும், அது மாறாது.

பூச்சி ஓட்டை அடுத்தது. வெள்ளிப்பூச்சி தாளின் மேற்பரப்பைத்தான் சுரண்டும், அதனால் இந்த வேலைக்குப் பயனில்லை. புத்தகப் புழு துளைத்தால் தாள் தாளாக உள்ளே போகும். அடுத்தடுத்த தாள்களில் ஓட்டையின் வடிவம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும், பெருக்கும், சிறுக்கும். தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தால் சுரங்கம் பொருந்துவது கண்ணுக்கே தெரியும். ஒரு கட்டின் நடுவே இருந்த 30 டீசல் சீட்டுகள், எண்ணும் தேதியும் இல்லாதவை, இந்த ஒரு சுரங்கத்தை வைத்தே வரிசைக்கு வந்தன. புழுவுக்கு நன்றி சொல்ல வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

ஈரக்கறையின் விளிம்பும் குண்டூசித் துரு வட்டமும் அதேபோல் உதவின.

வே-பில்லுக்கு இன்னொரு வழி உண்டு. ஒவ்வொரு கட்டண டிக்கெட்டுக்கும் தொடக்க எண், முடிவு எண் எழுதுவார்கள். ஒருநாள் முடிவு எண் அதே டிக்கெட் பெட்டியின் மறுநாள் தொடக்க எண். தேதி கிழிந்துபோன வே-பில்லை இந்தச் சங்கிலியில் கோத்துவிடலாம். கண்டக்டர் புதுக் கட்டு வாங்கிய நாளில் சங்கிலி அறும். அங்கே சின்ன மதிப்பு டிக்கெட்டின் எண்ணைப் பின்பற்றக் கூடாது, அது அடிக்கடி தீரும். பெரிய மதிப்பு டிக்கெட்டைப் பின்பற்றினால் வாரக்கணக்கில் அறாமல் போகும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பெட்டி நிறையத் தாள் எந்தக் கட்டிலும் சேரவில்லை. அதற்குப் பட்டியலில் ‘கட்டு தெரியாது, பிரித்தது நாங்கள்’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. பின்னால் வருகிறவர் அது முதலாளி வீட்டிலேயே கலைந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

காகிதத்தைக் கையாண்டது

டிரங்குப் பெட்டி இரண்டில் வெள்ளைப் பொடி தூவியிருந்தது. பழைய அலுவலகங்களில் டி.டி.டி பூச்சிமருந்து தூவும் வழக்கம் இருந்தது. ஆகவே எதுவென்று தெரியாத பொடியை விஷமென்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நைட்ரைல் கையுறை, என்-95 முகக்கவசம் போட்டு, திறந்த வராந்தாவில் மெல்லிய பிரஷால் துடைத்து, பொடியை மூடிய பையில் சேர்த்தார்கள். வாயால் ஊதக் கூடாது, ஃபேன் போடக் கூடாது. பழைய பைண்டிங் நோட்டுகளில் முதுகுப் பசை பச்சையாகத் தெரிந்தால் அதுவும் எச்சரிக்கைதான்: பூச்சி வராமல் இருக்க பைண்டர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள்.

பூச்சிக்குப் பாச்சா உருண்டை வைப்பதா என்ற விவாதம் எல்லா இடத்திலும் வரும். வேண்டாம். அது முட்டையைக் கொல்லாது. மூடிய அறையில் வேலை பார்ப்பவர் மூச்சுக்குத்தான் கேடு. காய்ந்த வேப்பிலையைத் தாளுக்கு நடுவே நேரடியாக வைத்தால் கறை பிடிக்கும். இங்கே பயன்பட்டது ஐஸ்கிரீம் கடையின் பெட்டி ஃப்ரீசர். கட்டை இரண்டு பாலிதீன் உறையில் போட்டு, காற்றை அழுத்தி எடுத்து, ஓரத்தை டேப் ஒட்டி, மைனஸ் 18 டிகிரியில் 14 நாள். வெளியே எடுத்த பிறகு உறையைப் பிரிக்காமல் 24 மணி நேரம் அப்படியே வைக்க வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் குளிர்ந்த தாள்மேல் அறைக்காற்றின் ஈரம் முத்துமுத்தாக இறங்கும். வியாபாரத்தில் இருக்கும் ஃப்ரீசரை நாள் முழுக்கத் திறந்து மூடுவார்கள், சூடு ஏறிவிடும். அதனால் உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது அவசியம். கண்ணாடி நெகட்டிவ்களை ஃப்ரீசருக்குள் விடக் கூடாது.

துருப்பிடித்த குண்டூசியை இழுத்தால் தாளும் கூட வரும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பாலியெஸ்டர் துண்டைச் செருகி, அதன்மேல் மழுங்கிய கத்தியால் துருவை நெகிழ்த்திய பிறகே உருவ வேண்டும். அந்த இடத்தில் புதுக் கிளிப் எதுவும் போடவில்லை. கட்டுக்கு வெளுக்காத பருத்தி நாடா.

தாளைச் சுற்ற அமிலமற்ற காகிதம் கட்டுப்படியாகாததால் காடாத் துணி வாங்கினார்கள். கடையிலிருந்து வரும் காடாவில் கஞ்சி இருக்கும், கஞ்சி வெள்ளிப்பூச்சிக்கு விருந்து. இரண்டு தடவை சோப்பில்லாத வெந்நீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகே பயன்படுத்த வேண்டும். ஏட்டுச்சுவடிக்குக் கட்டும் சிவப்புத் துணியைச் சிலர் பரிந்துரைத்தார்கள். ஈரம் பட்டால் சாயம் போகும் துணியைக் காகிதத்தின் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று முடிவானது. ரேக் ஆங்கிள் ரேக்தான்: அடித்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. கால்களுக்கு வெள்ளைப் பெயின்ட். கரையான் மண்கோடு ஏறினால் வெள்ளையில் மறுநாளே தெரியும், பச்சை ரேக்கில் ஒரு மாதம் தெரியாது.

மறக்க முடியாத சேதம் மூன்று.

பழைய வே-பில்கள் பலவற்றில் எழுதியிருப்பது சாதாரணப் பென்சில் இல்லை, காப்பியிங் பென்சில். காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறம், சாய்த்துப் பார்த்தால் லேசான ஊதா மினுக்கம். அதில் அனிலின் சாயம் கலந்திருப்பதால் துளி ஈரம் பட்டாலும் பளிச்சென்ற ஊதாவாகிப் பரவும். தாளைப் புரட்ட வசதியாக இருக்குமென்று மேஜையில் நோட்டு எண்ணும் ஈரப் பஞ்சை வைத்தார்கள். அரைமணி நேரத்தில் ஒரு கட்டின் கீழ்மூலைகளில் ஊதாக் கைரேகை வரிசையாக விழுந்துவிட்டது. அது போகாது. இப்போது மேஜையில் பஞ்சும் இல்லை, தண்ணீர் பாட்டிலும் இல்லை. வியர்க்கும் மாதங்களில் உலர்ந்த பருத்திக் கையுறை.

இரண்டாவது, மெஷின் டிக்கெட். கையடக்க மெஷினில் வருவது தெர்மல் தாள், அதில் மையே கிடையாது, சூடு பட்ட இடம் கறுக்கும். ஒருவர் நல்லெண்ணத்தோடு சில டிக்கெட்டுகளை லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோனார். உருளைக்குள் போனது டிக்கெட், வெளியே வந்தது முழுக் கறுப்புத் துண்டு. தெர்மல் டிக்கெட் கிடைத்த அன்றே ஸ்கேன் செய்ய வேண்டும், தானாகவே மங்கும். பி.வி.சி பிளாஸ்டிக் உறையில் வைத்தால் இன்னும் சீக்கிரம் போகும். பொதுவாகவே லேமினேஷன் எந்தப் பழைய காகிதத்துக்கும் ஆகாது, பிரிக்க முடியாது. நொறுங்கும் தாளை இரண்டு பாலியெஸ்டர் தகடுகளுக்கு நடுவே வைத்து, இரண்டு பக்கம் மட்டும் ஒட்டி, மற்ற இரண்டைத் திறந்து விட்டால் போதும்.

மூன்றாவது வரைபடங்கள். நீலத் தாளில் வெள்ளைக் கோடு உள்ள ப்ளூ பிரிண்டையும், வெளிர்தாளில் ஊதாக் கோடு உள்ள அம்மோனியா பிரிண்டையும் ஒரே சுருளாக வைத்திருந்தார்கள். அம்மோனியா பிரிண்ட் வெளியிடும் வாயு பக்கத்தில் உள்ளதைக் கெடுக்கும், ஆகவே அது தனிப் பெட்டியில் போக வேண்டும். காரம் சேர்த்த ‘காப்பகத் தரத்’ தாள் விலை அதிகம் என்பதால் அதுதான் நல்லது என்று நினைத்து ப்ளூ பிரிண்டுக்குச் சுற்றினார்கள். அங்கேதான் சறுக்கல்: நீலம் காரத்தில் வெளுக்கும். ப்ளூ பிரிண்டுக்குக் காரம் சேராத நடுநிலைத் தாள்தான். நல்லவேளை, ஒரு மாதத்தில் கவனித்து மாற்றிவிட்டார்கள்.

தேதி இல்லாத காகிதத்துக்குத் தேதி

பட்டியலில் அதிக நேரம் எடுத்தது இந்தக் கட்டம்தான், ருசியானதும் இதுதான். தேதி கிழிந்த கட்டணப் பட்டியலில் அணா, பை கணக்கு இருந்தால் அது 1957 ஏப்ரலுக்கு முந்திய கட்டணம் என்று தொடங்கலாம். ‘நயா பைசா’ என்றால் 1957-க்கும் 1964-க்கும் நடுவே. வெறும் பைசா என்றால் 1964 ஜூனுக்குப் பிறகு. தலைப்பில் ‘சென்னை மாநிலம்’ என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முன் அச்சிட்ட படிவம். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பின். வண்டி எண் டி.என்.29 (தருமபுரி) என்றால் 1989 ஜூலைக்குப் பின், டி.என்.24 கிருஷ்ணகிரி. சாலையை ‘தேசிய நெடுஞ்சாலை 7’ என்று எழுதியிருந்தால் அது 44 ஆன 2010-க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இன்றைக்கும் வாய்ப்பேச்சில் ஏழுதான், அதனால் இது பலவீனமான தடயம்.

தமிழ் எழுத்தே நல்ல சாட்சி. 1978 சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, னை, றா போன்றவை பழைய கொம்பும் சுழியுமாக இருக்கும். அதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது. சின்ன ஊர் அச்சகங்கள் கையிலிருந்த ஈய எழுத்து தேயும்வரை பழைய வடிவத்திலேயே அடித்தன.

இந்த அடையாளங்கள் எல்லாம் படிவம் அச்சான காலத்தைச் சொல்கின்றன, எழுதிய காலத்தை அல்ல. கழகத்தின் பெயர் மாறினால் பழைய படிவத்தைத் தூக்கியா போடுவார்கள்? தலைப்பை மையால் அடித்துவிட்டு ரப்பர் ஸ்டாம்ப் குத்தித் தீரும்வரை எழுதுவார்கள். அதனால் பட்டியலில் ‘அச்சு’, ‘எழுத்து’ என்று இரண்டு தேதிக் கட்டங்கள் வைத்தார்கள். ஒரே கட்டம் வைத்த முதல் 200 பதிவுகளைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது.

பொருட்களிலும் இதே விசாரணை உண்டு. குறும்பாதை ரயில் காலத்து விளக்கு என்று தந்த ஒன்றில் சதர்ன் ரயில்வே முத்திரை இருந்தது. சதர்ன் ரயில்வே உருவானது 1951 ஏப்ரல் 14. ஓசூர் பாதை மூடி பத்து வருடம் கழித்து. விளக்கு நல்ல விளக்குதான், ஆனால் அந்தப் பாதையில் எரிந்ததில்லை. தந்தவரின் வாக்குமூலத்தை ‘வாய்மொழி’ கட்டத்தில் அப்படியே எழுதி, தீர்மானத்தைத் தனிக் கட்டத்தில் எழுதினார்கள். வாய்மொழியை அழிக்கவில்லை, அந்த விளக்கு அவர் கைக்கு எப்படி வந்தது என்பதும் ஒரு தகவல்.

கணினியில் நடந்த கூத்து

ஒவ்வொரு தாளிலும் பின்பக்கக் கீழ்மூலையில் 2பி பென்சிலால் எண். பேனா இல்லை, ஸ்டிக்கர் இல்லை. எண்ணின் வடிவம் ‘கட்டு-தாள்’: 3-12 என்றால் மூன்றாம் கட்டில் பன்னிரண்டாம் தாள். அட்டவணை மென்பொருள் 3-12 என்பதைப் பார்த்ததும் தேதியென்று எடுத்துக்கொண்டு மார்ச் 12 என்று மாற்றிவிட்டது. 13-40 போன்றவை அப்படியே நின்றன, ஏனென்றால் அப்படியொரு தேதி இல்லை. பாதி மாறி, பாதி மாறாமல் இருந்ததால் இரண்டு வாரம் யாரும் கவனிக்கவில்லை. தட்டச்சு தொடங்குவதற்கு முன்பே அந்தப் பத்தியை ‘உரை’ என்று அமைக்க வேண்டும். பிறகு மாற்றினால் பழைய எண் திரும்பாது. இப்போது எண் ‘க003-012’.

இன்னொரு சிக்கல் தமிழுக்கே உரியது. மொரப்பூர் என்று தேடினால் பாதிப் பதிவுதான் வந்தது. திரையில் எல்லா மொரப்பூரும் ஒன்றுபோலவே இருந்தது. காரணம் ‘மொ’. யூனிகோடில் அதை ம-வுடன் ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், ம-வுடன் ஒற்றைக்கொம்பு, பிறகு கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். விசைப்பலகையில் நேராக அடித்தவை முதல் வகை. யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவிலிருந்து மாற்றியில் போட்டு எடுத்தவை இரண்டாம் வகை. கண்ணுக்கு ஒன்று, இயந்திரத்துக்கு இரண்டு. பாலக்கோடும் இராயக்கோட்டையும் ‘கோ’வால் இதே கதிக்கு ஆளாயின. முழுப் பட்டியலையும் ஒருமுறை யூனிகோட் இயல்பாக்கம் (இரண்டு வகையையும் ஒரே வகையாக மாற்றுவது) செய்ததும் சரியானது. ஒவ்வொரு புது இறக்குமதிக்கும் அதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஊர்ப்பெயருக்கு ஒரு தனிப் பட்டியல் வைத்தார்கள்: தருமபுரி/தர்மபுரி, ஓசூர்/ஒசூர், இராயக்கோட்டை/ராயக்கோட்டை, பென்னாகரம்/பெண்ணாகரம். தாளில் உள்ளபடி ஒரு கட்டம், ஒழுங்குபடுத்திய பெயர் ஒரு கட்டம். இது இல்லாவிட்டால் ஒரே ரூட் பஸ் அகரவரிசையில் ‘இ’யிலும் ‘ரா’விலும் இரண்டு பஸ்ஸாக நிற்கும்.

தெர்மல் டிக்கெட் தவிர மற்றவற்றுக்கு ஸ்கேன் கடைசியில்தான். சாதாரணத் தாள் 300 டி.பி.ஐ வண்ணத்தில், டிக்கெட்டும் புகைப்படமும் 600-இல். ஏ4 தாள் 300-இல் சுருக்காத டிஃப் கோப்பாகச் சுமார் 26 எம்.பி., 600-இல் அதன் நான்கு மடங்கு. எல்லாவற்றையும் 600-இல் போடுவோம் என்ற உற்சாகம் முதல் ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் அடங்கியது. மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில்.

கண்டக்டர்கள் மீதான குற்றச்சாட்டு மெமோ, விபத்துப் பதிவேடு, மருத்துவ விடுப்புக் காகிதம் ஆகியவை பட்டியலில் இருக்கும், உள்ளடக்கம் திறக்கப்படாது. வசூல் குறைந்ததாக ஐம்பது வருடத்துக்கு முன் ஒருவர்மேல் எழுதிய மெமோ இன்று அவர் பேரன் படிக்கிற ஊரில் திரையில் ஓட வேண்டியதில்லை.

பன்னிரண்டாம் மூட்டை

வேலை நடுவே பாலக்கோடு பக்கத்திலிருந்து இன்னொரு மூட்டை வந்தது. அதை யாரும் அவிழ்க்கவில்லை. முதலில் ஒரு பக்கக் கொடைக் கடிதம்: நிரந்தரமாகத் தருகிறார்களா, இரவலா என்று கையெழுத்து. பிறகு மூட்டையின் நான்கு பக்கமும் மேலும் கீழும் அளவுகோல் வைத்து ஆறு படம். உள்ளே ஒன்பது கட்டு. ஒவ்வொன்றையும் எடுக்கும்போது மேலிருந்து எத்தனையாவது என்று துண்டுச் சீட்டு. கட்டின் பக்கவாட்டுத் தாள்விளிம்புக்குத் தனியாக ஒரு படம், ஏனெனில் ஈரக்கறையும் புழு ஓட்டையும் அங்கே ஒரே பார்வையில் தெரியும். முடிச்சு இறுகியிருந்தால் அவிழ்க்கப் போராடாமல் முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் சணலை வெட்டி, சணலை முடிச்சோடு சின்ன உறையில் போட்டு அந்தக் கட்டின் எண்ணை எழுதுகிறார்கள். நான்காம் கட்டின் சணலில் ஒரு அட்டைத் துண்டு தொங்கியது, அதில் வண்டியின் பழைய எண்.